பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் கொடுத்த தரை

கழிமேடு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை திருமதி வினோதினி மீது வந்துள்ள மனுவின் பேரில் நடக்கும் விசாரணையில், மனுவில் பாதிக்கப்பட்டவராகக் காட்டப்பட்டுள்ள ஆண்டாள், வயது 39, கணவர் பெயர் பச்சமுத்து, தொழில் உப்பளக் கூலி, மாரியம்மன் கோயில் தெரு, கழிமேடு, மரக்காணம் வட்டம், விழுப்புரம் மாவட்டம் என்பவர் நேரில் ஆஜராகிச் சொல்ல, தலைமைக் காவலர் ரேணுகா எழுதியது:

நான் மேற்படி முகவரியில் என் கணவருடனும் மகள் செந்தமிழுடனும் குடியிருந்து வருகிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து உப்பளத்தில் கூலி வேலை செய்கிறேன். என் கணவருக்கும் அதே வேலைதான். தை மாதம் தொடங்கிப் புரட்டாசி வரை உப்பு விளையும். மழை இறங்கிவிட்டால் வேலை கிடையாது, வாங்கிய முன்பணத்தை வைத்து ஓட்ட வேண்டும். செந்தமிழ் மேற்படி பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், கையெழுத்துப் போடுவேன்.

மனுவை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் நன்கொடை கொடுக்க வக்கில்லாதவள் என்பதால் தலைமையாசிரியை என்னையும் என்னைப் போன்றவர்களையும் கூலி கொடுக்காமல் கட்டாய வேலை வாங்கினார் என்றும், வேலை தாங்காமல் நான் பள்ளி மைதானத்தில் மயங்கி விழுந்தேன் என்றும், அதன் பிறகு மேற்படி மைதானம் குளமாகிப் பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து வந்தது என்றும் அதில் இருக்கிறது. நான் ஈரத்தரையில் உட்கார்ந்திருப்பதும் என் கூட்டாளி லூர்துமேரி என் முகத்தில் தண்ணீர் அடிப்பதுமாக ஒரு போட்டோவையும் சேர்த்திருக்கிறார்கள். போட்டோவில் இருப்பது நான்தான். மைதானத்தில் தண்ணீர் நின்றதும் நிஜம்தான். மற்றது அத்தனையும் பொய் என்று சொன்னேன். பொய் என்று ஒரு வார்த்தையில் முடித்தால் போதாது, நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள் என்று ரேணுகா மேடம் கேட்டதால் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் இடத்துக்கு மைதானம் என்பது பேச்சுக்குத்தான். கடல் மணலும் புழுதியும் கலந்து கிடக்கும், அதில் நெருஞ்சி முள் முளைத்திருக்கும். காலையில் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒற்றைக் காலில் நின்று முள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். காற்று அடித்தால் மத்தியானச் சாப்பாட்டில் மண் விழும். இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த பிறகு பெற்றோர் கூட்டம் போட்டார்கள். அதில் வினோதினி டீச்சர், மைதானத்துக்கு சிமெண்ட் கல் பதிக்கப் போவதாகவும், விருப்பமுள்ள பெற்றோர் விருப்பமுள்ள தொகையைக் கொடுக்கலாம், யாருக்கும் கட்டாயமில்லை, யார் பேரையும் வாசிக்க மாட்டோம் என்றும் சொன்னார். அதன் பிறகு பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரும், கடற்கரைச் சாலையில் சிமெண்ட் கல் கொட்டகை வைத்திருப்பவரும், இப்போது மனு கொடுத்திருப்பவருமான சடையப்பன் எழுந்து, கல்லைப் பாதி விலைக்குத் தானே தருவதாகச் சபையில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மனுஷன் அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி வாங்கிக் கொடுத்தவர், அதையும் நான் மறைக்கவில்லை.

டீச்சர் பேரை வாசிக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் வாயை யார் கட்டுவது? "உங்க வீட்ல குடுத்தாச்சா, உங்க வீட்ல குடுத்தாச்சா" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருக்கிறார்கள். செந்தமிழ் வந்து என்னைக் கேட்டாள். கூலிக் கணக்கு தீர்ந்ததும் கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் அதையே சொன்னேன். அதன் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டு நச்சரித்திருந்தால்கூட ஒரு அதட்டு அதட்டியிருப்பேன்.

அதன் பிறகு ஒரு நாள் அளத்திலிருந்து வரும் வழியில், காலில் உப்புச் சேறு காயாமல், நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், அதில் ஒளிவுமறைவு இல்லை. டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உக்காருங்க ஆண்டாள். நீங்க குடுக்கணும்னு யாருமே சொல்லலியே. உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? நீங்க அதப்பத்தி நெனைக்கவே வேணாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று ஏறியது. "எனக்கு விருப்பம் இருக்குது டீச்சர், காசுதான் இல்ல. விருப்பம் உள்ளவங்க குடுக்கலாம்னுதானே சொன்னீங்க, காசு உள்ளவங்கன்னு சொல்லலியே" என்று கேட்டுவிட்டேன். டீச்சர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார்.

அதன் பிறகு நான், "அந்தத் தரை இன்னா மாதிரி இருக்கணும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன். டீச்சர், "முள்ளு இல்லாம, புழுதி இல்லாம, கெட்டியா, ஒரே மட்டமா இருந்தா போதும். பசங்க வெறுங்காலோட ஓடணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யம்மா, அத்தத்தானே டீச்சர் நாங்க வருஷா வருஷம் பண்றோம்" என்றேன்.

விசாரணைக்காக விளக்கிச் சொல்லும்படி கேட்டதால் சொல்கிறேன். உப்பு விளையும் பாத்திக்குத் தரை தானாக அமையாது. மழைக்காலம் முடிந்ததும் பழைய தரையைக் கொத்தி, உப்பங்கழியிலிருந்து களிமண் கொண்டுவந்து பரப்பி, தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதிக்க வேண்டும். குதிகாலை அழுத்தி, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இடம் விடாமல் மிதிக்க வேண்டும். கொஞ்சம் காய்ந்ததும் மறுபடியும் மிதிக்க வேண்டும். அப்படி மிதித்த தரை கருங்கல் மாதிரி ஆகிவிடும், அதில் விட்ட தண்ணீர் ஒரு சொட்டு கீழே இறங்காது. அதற்குப் பாத்தி மிதிப்பது என்று பெயர். அதை நானாகத்தான் டீச்சரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

டீச்சர் உடனே சரி என்று சொல்லவில்லை. "வேணாம் ஆண்டாள். ஏழைங்ககிட்ட வேலை வாங்கறாங்கன்னு நாளைக்கே என்மேல கம்ப்ளைன்ட் போவும்" என்று பயந்தார். நான், "எவன் சொல்லுவான்? சொல்றவன் வாயில உப்ப அள்ளிப் போடறேன். கேள்வி வந்தா என்னைக் கூப்புடுங்க, நான் வந்து சொல்றேன்" என்றேன். அதைக் கேட்டுத்தான் டீச்சர் சம்மதித்தார். அப்போது நான் வாய்க்கு வந்தபடி சொன்னது அது. இப்போது அதற்காகத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அதன் பிறகு என்னோடு அளத்தில் வேலை செய்யும் லூர்துமேரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு வாய் நீளம், மனசு அதைவிட நீளம். "அடியே, கூலி குடுத்தாலே முதுகு வலிக்குதுன்னு முனகுவாளுங்க, சும்மா மிதிக்க எவடி வருவா?" என்று கேட்டுவிட்டு, அவளே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். காசு கொடுக்க முடியாத வீட்டிலிருந்து பத்துப் பேர் வந்தால் பெரிய விஷயம் என்று நினைத்தேன். களிமண் ஏற்றிவர, பக்கத்து ஊர் பிரம்மதேசத்து விவசாயி தெய்வசிகாமணியிடம் டிராக்டர் கேட்டோம். அவர் பேத்தியும் அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், ஏற்கெனவே பணமும் கட்டியிருக்கிறார். "வண்டி வரும், கூடவே நானும் வரலாமா?" என்று அவர் கேட்டார்.

காலாண்டு பரீட்சை லீவில் வேலையைத் தொடங்கினோம். முதல் நாள் காலையில் நான் மண்வெட்டியோடு போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூட வாசலில் செருப்பாகக் கிடந்தது. ஏதோ சாவு விழுந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் திக்கென்றது. உள்ளே போய்ப் பார்த்தால் எங்கள் அளத்து ஜனம் மொத்தமும் நிற்கிறது. காசு கொடுக்காதவர்களும் வந்திருந்தார்கள், கொடுத்துவிட்டவர்களும் வந்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையே இல்லாதவர்கள் வந்திருந்தார்கள். பக்கத்து அளத்தில் எங்களோடு வாய்க்கால் தண்ணீருக்கு வருஷம் முழுக்கச் சண்டை போடுகிறவர்களும் வந்து, வேட்டியை மடித்துக் கட்டி நின்றார்கள். யாரும் யாரையும் அழைத்துவரவில்லை, கையைப் பிடித்து இழுத்துவரவும் இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். லூர்துமேரி என் தோளில் இடித்து, "பத்துப் பேரு வருவாங்கன்னியே, எண்ணிக்கோ" என்றாள்.

அதன் பிறகு முள்ளையெல்லாம் வேரோடு பிடுங்கி, மணலைக் கொத்தி, டிராக்டரில் வந்த களியைப் பரப்பி, தண்ணீர் விட்டு ஊறவைத்து, மிதிக்கத் தொடங்கினோம். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே வரிசையாகப் போனோம், திரும்பி வந்தோம். அளத்தில் அப்படி மிதிக்கும்போது வெயிலையும் கூலியையும்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அத்தனை கால்களும் ஒன்றாக விழுந்த சத்தம் பள்ளிக்கூடச் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததைக் கேட்டேன். அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது, எனக்குப் புல்லரித்துப் போனது. எங்கள் காலுக்கு இப்படி ஒரு சத்தம் இருப்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் வினோதினி டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து எங்கள் வரிசையில் நின்றார். நாலு எட்டு வைப்பதற்குள் வழுக்கி, சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தார். யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. லூர்துமேரிதான், "டீச்சர், காலத் தூக்காதீங்க, அழுத்துங்க. இது சுதந்திர தின மார்ச்சு இல்ல" என்றாள். டீச்சரே முதலில் சிரித்தார், அதன் பிறகு ஊரே சிரித்தது. வேலை வாங்குகிறவர் வேலை செய்கிறவர்களோடு சேற்றில் விழுந்து கிடப்பாரா என்று மனு எழுதியவரைக் கேட்க வேண்டும். அன்றிலிருந்து கடைசி நாள் வரை டீச்சர் ஒரு நாளும் தவறாமல் வந்து மிதித்தார்.

மனுவில் நான் மயங்கி விழுந்ததாகச் சொல்லியிருப்பது கடைசி நாள் காலையில் நடந்தது. மேடம் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்று தரை முழுக்க மிதித்து முடிந்திருந்தது. பாத்தி மிதித்து முடிந்ததும் மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் விடுவது எங்கள் வழக்கம். அதற்காகச் சுற்றிலும் வரப்பு போட்டிருந்தோம். தொட்டியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். நான் நாலு பக்கமும் கண் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேடு பள்ளம் இருந்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும், நடுவில் திட்டுத் திட்டாகத் தரை தெரியும். அன்றைக்கு அப்படி எதுவும் இல்லை. தண்ணீர் மெல்லப் பரவி, நாலு வரப்பையும் ஒரே நேரத்தில் தொட்டது. தொட்டதும் அசையாமல் நின்றுவிட்டது.

அதன் பிறகு வானம் முழுக்க இறங்கி அந்த மைதானத்தில் கிடந்தது. மேகம் கிடந்தது. பள்ளிக்கூடக் கட்டிடம் ஓட்டோடு தலைகீழாக நின்றது. கொடிக்கம்பம் ஆழத்துக்குள் இறங்கிப் போனது. எதிர் வரப்பில் என் மகள் செந்தமிழ் நின்றிருந்தாள், அவளுக்குக் கீழே இன்னொரு செந்தமிழ் வானத்தில் கால் வைத்து நின்றிருந்தாள். அளத்தில் தினமும் பார்க்கிற தண்ணீர்தான், தினமும் பார்க்கிற வானம்தான். ஆனால் அதெல்லாம் முதலாளியுடைய பாத்தி, கண் கூசுகிறதே என்று குனிந்துகொண்டு வேலை பார்க்கிற இடம். இது நாங்களாக வந்து மிதித்தது. இவ்வளவு பெரிய அழகை நாங்கள்தான் செய்தோமா என்று நினைத்ததும் எனக்குக் கால் இரண்டும் சொல் பேச்சுக் கேட்கவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. லூர்துமேரி பயந்துபோய், "இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று கத்திக்கொண்டே என் முகத்தில் தண்ணீர் அடித்தாள். யாரோ செல்போனில் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோதான் இது.

நான் மயங்கவில்லை. காலையில் நன்றாகச் சாப்பிட்டிருந்தேன், எனக்கு எந்த வியாதியும் இல்லை, வேலையும் அதிகமில்லை. அளத்தில் இதைவிடப் பல மடங்கு வேலை செய்கிறவள் நான். அப்படியென்றால் ஏன் விழுந்தீர்கள் என்று மேடம் கேட்டார்கள். ஆச்சரியம் தாங்காமல் உட்கார்ந்தேன் என்று சொன்னேன். அதை எப்படி எழுதுவது என்று மேடம் யோசித்தார்கள். நான் சொன்னபடியே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

நாங்கள் செய்த தப்பு ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் தரை என்றால் தண்ணீரைப் பிடித்து வைக்கிற தரைதான். தண்ணீரை வெளியே விடுகிற தரை எங்கள் கைக்குப் பழக்கமில்லை. மட்டம் பார்க்க விட்ட தண்ணீர் வெயிலில் காய்ந்ததும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டோம். வரப்பை வெட்டிவிட வேண்டும், தண்ணீர் போக வழி விட வேண்டும் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகளும் லீவு முடிந்து வந்து, வரப்பைத் தாண்டிக் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசியில் மழை பிடித்தது. கொட்டிய மழை ஒரு சொட்டுகூடக் கீழே இறங்கவில்லை. டீச்சர் காலையில் போன் செய்து, "ஆண்டாள், சீக்கிரம் வாங்க, ஸ்கூலுக்கு முன்னாடி பெரிய பாத்தி நிக்குது" என்றார். நானும் லூர்துமேரியும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

போய்ப் பார்த்தால் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. பிள்ளைகள் எல்லோரும் வேலி ஓரமாக நின்றார்கள். அத்தனை பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒரு சத்தம் இல்லை. என்னவென்று எட்டிப் பார்த்தேன். அளத்துக்கு வருகிற பறவைகள் மைதானம் முழுக்க இறங்கி நின்றன. கறுப்பு இறக்கையும், வெள்ளை உடம்பும், நீளமான சிவப்புக் காலுமாக இருக்குமே, அந்தப் பறவைகள். நடந்து நடந்து தண்ணீரில் மூக்கை விட்டு எடுத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பறவைக்கும் கீழே இன்னொரு பறவை தலைகீழாக நடந்தது. எப்போதும் பிள்ளைகளைப் பார்த்து "சைலன்ஸ்" என்று கத்துகிற பி.டி. வாத்தியார் வாய்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். செந்தமிழ் என் கையைப் பிடித்து, "யம்மா, அதுங்களும் இது அளம்னு ஏமாந்துட்டுதுங்க" என்று காதோடு சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தரை அவ்வளவு சரியாக அமைந்துவிட்டிருக்கிறது, பறவைக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்கவில்லை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உயிருக்கு ஆபத்து என்று மனுவில் சொல்லியிருப்பது இந்தக் கணுக்கால் தண்ணீரைத்தான்.

பறவைகள் தானாக எழுந்து போகும் வரை காத்திருந்து, அதன் பிறகு கழிப் பக்கத்து மூலையில் நானே வரப்பை வெட்டினேன். தண்ணீர் சலசலவென்று ஓடிக் கழியில் இறங்கியது. அடியில் தரை கரையவில்லை, வெடிக்கவில்லை. மறுநாள் வெயில் ஏறியதும் அதன்மேல் லேசாக வெள்ளை பூத்தது, களியில் இருந்த உப்பு அது. ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி குனிந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். இப்போது பிள்ளைகள் அங்கேதான் வெறுங்காலோடு பிரார்த்தனைக்கு நிற்கிறார்கள். முள் எடுப்பதற்காக ஒருவரும் ஒற்றைக் காலில் நிற்கவில்லை. நீங்களே போய்ப் பார்க்கலாம்.

தண்ணீர் நின்ற அன்றைக்குத்தான் மனு போயிருக்கிறது. அதன் பிறகு சடையப்பன் என் வீட்டுக்கு வந்தார். "ஆண்டாள், உனக்காகத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். கட்டாயப்படுத்தினாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு, உனக்கு ஏதாவது உதவி கெடைக்கும்" என்றார். நான், "எனக்காகன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று கேட்டேன். அவர், "சபையில எழுந்து குடுக்கறேன்னு சொன்ன கல்லு அத்தனையும் என் கொட்டகையிலயே கெடக்குது. இனிமே வேணாம்னு டீச்சர் சொல்லிட்டாங்க. ஊர்ல என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க" என்றார். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. கொடுக்க விருப்பம் இருந்தும் கொடுக்க முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வரப்பை வெட்டிய மூலையிலிருந்து கழி வரைக்கும் ஒரு வாய்க்கால் வேண்டும். அதற்கு அவர் கல்லைப் போடட்டும் என்று டீச்சரிடமும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். அவருக்கு விருப்பம் இருந்தால்தான். அவரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

டீச்சருக்குப் பயந்துகொண்டோ, மகளின் படிப்பை நினைத்தோ மாற்றிச் சொல்கிறீர்களா, பயமில்லாமல் சொல்லுங்கள் என்று மேடம் கேட்டார்கள். டீச்சருக்கு வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. என் பேச்சை நம்பித்தான் அவர் சேற்றில் இறங்கினார். அவரைச் சஸ்பெண்ட் செய்தால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். ஆனால் அதற்காக நான் பொய் சொல்லவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. கட்டாய வேலை என்று நீங்கள் எழுதிவிட்டால் அது வேலை ஆகிவிடும். வேலை நான் வருஷம் முழுக்கச் செய்கிறேன், கூலி வாங்குகிறேன், அதில் எனக்கு என்ன பெருமை? பள்ளிக்கூடத்தில் நாங்கள் செய்தது கொடுத்தது. எனக்குத் தெரிந்து என் கையால் ஒரு பொது இடத்துக்கு நான் கொடுத்தது அது ஒன்றுதான். அதை என்னிடமிருந்து பிடுங்கினார்கள் என்று காகிதத்தில் எழுதினால், நான் எதுவுமே கொடுக்காதவள் ஆகிவிடுவேன்.

போன வாரம் கூடப் படிக்கிற பிள்ளை ஒருத்தி செந்தமிழிடம் மறுபடியும், "உங்க வீட்ல இன்னும் குடுக்கலியா?" என்று கேட்டிருக்கிறாள். என் மகள், "எங்க வீட்ல குடுத்தாச்சு. நீ அதுமேலதான் நின்னுக்கினு இருக்கிற" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என் மகள் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதீர்கள். எனக்கு வேறு உதவி எதுவும் வேண்டாம்.

இதுவரை எழுதியதை மேடம் எனக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார்கள், நானும் எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டேன். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. யாரும் சொல்லிக்கொடுத்து நான் இதைச் சொல்லவில்லை. அத்தனையும் நடந்தது, அத்தனையும் உண்மை என்று, முழு விருப்பத்தோடு இதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
ப. ஆண்டாள்

என் முன்னிலையில்,
ரேணுகா, தலைமைக் காவலர்